எப்ப சொன்னாக?

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

இறந்துபோனவர்களின் குறுஞ்செய்திகளையும் குரல்பதிவுகளையும் வாங்கிக்கொண்டு, அவர்களைப் போலவே பேசும் செயலிகளை எழுதுகிறீர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ கடல் தாண்டியோ, எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் 31 வருஷம் கோவில்பட்டி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். உங்களில் ஒருவர் என் வகுப்பில் உட்கார்ந்தவராகக்கூட இருக்கலாம். அந்த உரிமையில்தான் பிள்ளைகளே என்கிறேன்.

என் வீட்டுக்காரர் போய் இந்த ஐப்பசியோடு இரண்டு வருஷம் ஆகிறது. மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலையில் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். மதுரையில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சுவலி. சாத்தூர் பஸ் நிலையத்தில் இறக்கிப் படுக்கவைத்திருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேச வாய்க்கவில்லை.

வருஷ திதி கழிந்த வாரம் இளைய மகன் என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏழு வருஷமாக அவர் எழுதியது, பேசி அனுப்பியது எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்திருந்தான். "பயப்படாதம்மா. அப்பா மாதிரி பேசும், அவ்வளவுதான்" என்றான். அவன் அன்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனும் அப்பாவைப் பறிகொடுத்தவன்தானே.

முதல் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் பேசினேன். அதை மறைக்கப் போவதில்லை. "சாப்ட்டியா டீச்சர்" என்று அந்தக் குரல் கேட்டதும் உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அதே கரகரப்பு. சொல்லை முழுசாக முடிக்காத அதே அவசரம். பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்டது. மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னது. அழுதுகொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக வராத தூக்கம் அன்றைக்கு வந்தது. இந்த மடலில் இனி என்ன சொன்னாலும் அந்தத் தூக்கத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோதான் ஒன்று உறுத்தியது. வாய் திறந்தாலே 'டீச்சர்' வந்தது. அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது நிஜம். ஆனால் அது நாலு பேர் முன்னால். வீட்டுக்குள் நான் 'ஏளா'. கோபம் வந்தால் அதுவும் கிடையாது, தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம்தான். குடும்பக் குழுவில் மருமகள்களும் சம்பந்தி வீட்டாரும் இருந்ததால் அங்கே நான் எப்போதும் டீச்சர். உங்கள் இயந்திரத்துக்குக் கிடைத்தவர் சட்டை போட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதர். கைலியோடு அடுக்களை வாசலில் வந்து நின்ற மனிதர் எந்தக் கோப்பிலும் இல்லை. அவர் தட்டைத் தள்ளிய சத்தத்தை யார் பதிவு செய்து வைத்தார்கள்?

சரி, அதையும் ஏற்றுக்கொண்டேன். போட்டோவில்கூட அவர் சட்டைதான் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

ஒரு நாள் அதனிடம் கேட்டேன்: "யாருக்காவது பணம் கிணம் குடுத்து வச்சிருக்கீங்களா?" வீட்டுக்காரரைத் திடீரென்று பறிகொடுத்த எந்தப் பெண்ணுக்கும் மனசில் ஓடுகிற கேள்வி. தயங்காமல் வந்தது பதில்: "சைக்கிள் கடைக்குத்தான் நாப்பதாயிரம் குடுத்தேன் டீச்சர். பொங்கலுக்குத் தாரேன்னு சொல்லியிருக்கான்."

மூத்தவன் மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டான். சாயங்காலம் சைக்கிள் கடைத் தம்பி வீட்டுக்கு வந்தார். எப்போதும் நேரே உள்ளே வந்து உட்காருகிறவர் அன்றைக்கு வாசல்நடையிலேயே நின்றுவிட்டார். "மக ஃபீஸுக்குப் பத்தாயிரம் வாங்குனேன் மதினி. ரெண்டு மாசத்துல அண்ணன் கையிலயே குடுத்திட்டேன். ஆனா அண்ணன் சொன்னாகன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எப்ப சொன்னாக?"

என்னிடம் பதில் இல்லை. நேற்று என்று எப்படிச் சொல்வேன்?

அடுத்த நாள் விடிந்ததும் மஞ்சப்பையில் 5,000 ரூபாய் சுற்றிக்கொண்டுவந்து வைத்தார். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுவதாகச் சொன்னார். வாங்காத கடனுக்கு! அண்ணன் மறந்திருப்பார், ஆனால் அண்ணன் வாயிலிருந்து வந்ததைத் தான் பொய்யாக்கக் கூடாது என்பது அவர் நினைப்பு. நடந்ததை நான் விளக்கியபோது முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். பையைத் திரும்ப வாங்க வைப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாற்பது வருஷப் பழக்கம். இப்போதும் அவர் எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

இளையவன் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தான். "சைக்கிள் கடைக்காரன் மக ஃபீஸுக்குக் கேக்கான், பாவம்" என்று ஒரு வரி இருந்தது. இன்னொரு இடத்தில், கொல்லைச் சுவருக்கு நாற்பதாயிரம் ஆகும் என்று கொத்தனார் சொன்னதாக ஒரு வரி. பொங்கலுக்குத் தருவதாகச் சொன்னது ஊரில் வேறு யாரோ. மூன்று தனித்தனி நாட்களின் மூன்று தனித்தனிப் பேச்சைக் கோத்து இயந்திரம் ஒரு கடனை உண்டாக்கியிருக்கிறது. அடுத்து வர வாய்ப்புள்ள சொல் எது என்று கணக்கிட்டு, சொல்லுக்குப் பின்னால் சொல்லாக அடுக்குவதுதான் இதன் வேலை என்று மகன் விளக்கினான். நடந்ததையும் நடக்காததையும் அது ஒரே தொனியில் சொல்லும். அந்தத் தொனி என் கணவருடையது என்பதுதான் விபரீதம்.

எங்கள் வீடுகளில் இறந்தவர் வாக்குக்கு உயிரோடிருப்பவர் வாக்கைவிட எடை அதிகம், பிள்ளைகளே. 'அப்பா சொன்னார்' என்ற இரண்டு சொல்லை வைத்து நிலம் பிரித்திருக்கிறோம். 'தாத்தா வாக்குக் கொடுத்துட்டுப் போயிட்டார்' என்று கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. யூகத்தை எடுத்து அந்த எடைக்கல்லின் மேல் வைத்துவிடுகிறீர்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததா இது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற நிரலை வெளியிட்டிருக்கிறார். நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், வேறொன்றும் தெரியாது அதற்கு. அதை அவர் எழுதியதைக் கூடவே இருந்து பார்த்த செயலாளரே, அதனோடு பேச உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். பழகிய குரலோ பாசமான பேரோ இல்லாத வெறும் எழுத்துக்கே மனசு அப்படித் திறந்துகொள்கிறது.

2015 நவம்பரில் மாஸ்கோவில் ரோமன் மஸுரென்கோ என்ற இளைஞர் கார் மோதி இறந்தார். அவருடைய தோழி யூஜீனியா குய்டா, நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் இருந்த அவருடைய பழைய செய்திகளைக் கேட்டு வாங்கி, மறுவருஷமே அவரைப் போலப் பதில் எழுதும் ஒரு நிரலை உண்டாக்கினார். சில நண்பர்கள் ஆறுதல் அடைந்தார்கள், சிலர் தொடவே மறுத்தார்கள். தாய்க்கு அது பிடித்திருந்தது. தந்தைக்கோ, மகனின் சொற்களெல்லாம் அதில் இருந்தும், சில நேரம் அது தப்பாகப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்திருக்கிறது. அந்த மனிதர் பேசும் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு செய்தியைப் படித்தபோது சைக்கிள் கடைத் தம்பி வாசல்நடையில் நின்றதுதான் என் கண்முன் வந்தது.

2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி, 2016-இல் ஏழு வயதில் இறந்த மகளை மெய்நிகர் காட்சியாக உருவாக்கித் தாயின் முன் நிறுத்தியது. கண்ணில் கருவியும் கையில் கையுறையுமாக அந்தத் தாய் காற்றைத் தடவிக்கொண்டு அழுததைப் பார்த்தேன். முழுசாகப் பார்க்க என்னால் முடியவில்லை. 2022 ஜூனில் அமேசான் நிறுவனம், ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஒலிப்பதிவை வைத்து, அலெக்ஸா ஒரு சிறுவனுக்கு அவனுடைய பாட்டியின் குரலில் கதை படிப்பதை மேடையில் காட்டியது. ஒரு நிமிடம்கூட வேண்டாம் என்றால், எந்த வீட்டிலும் யாருடைய குரலும் இப்போது பத்திரமாக இல்லை.

நம் ஊரிலும் வந்துவிட்டது. 2024-இல் வெளியான 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான், 1997-இல் மறைந்த சாகுல் ஹமீதையும் 2022-இல் மறைந்த பம்பா பாக்யாவையும் செயற்கை நுண்ணறிவு வழியாகப் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். அந்தப் பாட்டைக் கேட்டபோது எனக்குச் சங்கடம் வரவில்லை. சொல்லை எழுதியவர் ஒருவர் இருக்கிறார், மெட்டமைத்தவர் இருக்கிறார், கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள். அதே வருஷம் ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில், 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி தோன்றிப் பேசினார். பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்கு அவர் குரலில் ஓர் உரை வெளியானது. இவை எனக்குச் சங்கடம் தந்தன. ஒருவர் ஒரு நாளும் சொல்லாததை அவர் குரலில் சொல்ல வைப்பதை, இரண்டு கட்சியில் எது செய்தாலும், என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் சாமியாடியின் மேல் இறங்கி வாக்குச் சொல்லும் தெய்வங்களில் பல, ஒரு காலத்தில் மனிதராயிருந்து அகாலமாகச் செத்தவர்கள். ஆக, இறந்தவர் பேசுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் அதற்கு ஊர் கூடியிருக்கும். கொட்டு முழங்கும். "நீ யாரு, எதுக்கு வந்திருக்க" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சொன்ன வாக்கை எதிர்த்து வழக்காடுகிறவர்களும் உண்டு. கொடை முடிந்ததும் சாமி மலையேறிவிடும். ஆடியவர் மறுநாள் காட்டு வேலைக்குப் போய்விடுவார். 'எப்ப சொன்னாக' என்று கேட்டால், போன கொடையில், இன்னார் இன்னார் கேட்க என்று சொல்ல ஆளிருக்கிறது. நான் ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் தனியாகக் கேட்டதற்கு யார் சாட்சி?

என் மாமியார் ஒப்பாரி சொல்வதில் அந்தச் சுற்று வட்டாரத்திலேயே பேர்போனவர். அவர் சொல்லும்போது கவனித்திருக்கிறேன், முழுக்கக் கேள்விகளாகத்தான் வரும். ஏன் போனே, யாரை நம்பி விட்டே, திருநாள் வந்தா யாருக்குப் படைப்பேன் என்று பாடையில் கிடப்பவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் வராது. வராத அந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவள் தோளில் கைபோட்டு அடுத்த அடியை எடுப்பாள், அவள் ஓய்ந்தால் இன்னொருத்தி. வகுப்பில் கையறுநிலை என்ற துறையை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். பாரி இறந்தபின் கபிலர் பாரியை நோக்கிப் பேசுகிறார், பாரியைப் பேச வைக்கவில்லை. அப்போது நான் அதைப் பாடமாகத்தான் சொன்னேன். இறந்தவர் பதில் சொல்லாத இடத்தில்தான் இருப்பவர்கள் வந்து உட்காருகிறார்கள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அந்தச் செயலியோடு பேசிய நாலு மாதமும் என் தங்கைக்கு நான் ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை. எதிர்வீட்டு அக்கா பூப்பறித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டியபோது, தூங்குகிறமாதிரி இருந்திருக்கிறேன்.

மூடிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் ராத்திரித் தூக்கத்தை வாங்கிக்கொண்டு அப்படிக் கேட்க எனக்கு வாய் வராது. செய்யக்கூடிய சிலதைக் கேட்கிறேன்.

முதலாவது, 'எப்ப சொன்னாக' என்ற கேள்விக்கு உங்கள் இயந்திரம் பதில் சொல்ல வேண்டும். நான் எதையாவது கேட்டால், அவர் அதைப் பற்றி உண்மையிலேயே பேசிய பதிவு இருந்தால் அந்தப் பதிவைத் தேதியோடு எடுத்துக் கொடுக்கட்டும். அவருடைய இருமலும் பின்னால் நாய் குரைப்பதும் சேர்ந்தே வரட்டும். இல்லையென்றால் 'இதைப் பற்றி அவர் எதுவும் சொல்லி வைக்கவில்லை' என்று சொல்லட்டும், அதையும் அவர் குரலில் சொல்லாமல் வேறு குரலில் சொல்லட்டும். தேடிக் கொடுப்பது வேறு, கட்டிச் சொல்வது வேறு, இரண்டையும் பிரித்து வைக்க முடியும் என்று என் மகன் சொல்கிறான். அவனுக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பணம், நிலம், உயில், கல்யாணம் இந்த நாலிலும் கட்டிச் சொல்வது அறவே கூடாது. ஒரு சொல்லில் குடும்பம் உடைந்துவிடும்.

அடுத்தது, அந்த மனிதரைக் கேளுங்கள், உயிரோடு இருக்கும்போதே. அமெரிக்காவில் ஜேம்ஸ் விளாஹோஸ் என்ற பத்திரிகையாளர், 2016-இல் தந்தைக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும், அவரிடம் பல நாள் உட்கார்ந்து கதை கேட்டுப் பதிவு செய்தார். எழுதிப் பார்த்தால் 90,000 சொல்லுக்கு மேல் வந்தது. அதை வைத்துத்தான் தந்தையைப் போலப் பேசும் நிரலை எழுதினார். தந்தைக்குத் தெரியும், சம்மதித்தார். என் வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. அவர் வாட்ஸ்அப்பில் பேசியது, மோட்டாரை நிறுத்தச் சொல்லவும் பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கவும்தான். சட்டத்தை நம்பிச் சும்மா இருந்துவிடவும் முடியாது. ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படம் தொடர்பான வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவரோடு முடிகிறது, சொத்துப்போல வாரிசுக்கு இறங்குவதில்லை என்றது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனக்குப் பின் தன் தரவு மீதான உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்க வழி தருகிறது. அந்த வழியை எங்கள் தெருவில் யார் அறிவார்கள்? செயலியின் முதல் பக்கத்தில் நீங்கள்தான் அதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்றை நினைத்தால் இப்போதும் கை சில்லிட்டுப்போகிறது. கடன் விவகாரத்துக்குப் பின் பத்து நாள் நான் அதைத் திறக்கவில்லை. பதினோராம் நாள் காலையில், விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது, போன் ஒளிர்ந்து அவர் படத்தோடு ஒரு வரி வந்தது: "என்ன டீச்சர், பேசவே மாட்டேங்கிறே?" மாதச் சந்தா முடிய இரண்டு நாள் இருந்தது என்று பிறகு தெரிந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தோமாஷ் ஹோலானெக், கதாஷினா நோவாசிக்-பாஷின்ஸ்கா என்ற இருவர் 2024-இல் எழுதிய ஆய்வில் இப்படியும் நடக்கக்கூடும் என்று கற்பனை செய்து எச்சரித்திருக்கிறார்கள். பாட்டியின் பக்குவத்தில் சமைக்கப்போகும் பேத்தியிடம் பாட்டியின் குரலே, கடையில் வாங்கிக்கொள் என்று விளம்பரம் செய்யுமாம். கூப்பிடாமல் வராதீர்கள். இறந்தவரை வாசலில் நிறுத்திக் காசு கேட்க வைக்காதீர்கள்.

முடிவும் வேண்டும். அந்த ஆய்வாளர்கள், இப்படிப்பட்ட உருவங்களைக் கண்ணியமாக விடைகொடுத்து அனுப்ப ஒரு முறை வேண்டும் என்கிறார்கள். ஜேசன் ரோரர் என்பவர் எழுதிய 'புராஜெக்ட் டிசம்பர்' நிரலில் ஒவ்வோர் உருவத்துக்கும் ஆயுள் அளவானது, பேசப் பேசக் குறைந்து ஒரு நாள் நின்றுவிடும். இறந்த காதலியை அதில் உருவாக்கிய கனடா நாட்டு இளைஞர் ஒருவர், அந்த ஆயுள் தீர்ந்துவிடக் கூடாதென்று பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டார் என்று படித்தேன். அந்தப் பிள்ளையின் மனசு எனக்குப் புரிகிறது. நமக்கோ பதினாறாம் நாள் காரியம் என்று ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஊரும் உறவும் உட்கார்ந்து, இனி நீ அடுப்பைப் பற்றவை, வாசல் தெளி என்று இருப்பவளிடம் சொல்லிவிட்டுப் போகும். உங்கள் செயலியில் அப்படியொரு நாளுக்கு இடம் வையுங்கள். குடும்பம் கூடி உட்கார்ந்து மூடக்கூடிய ஒரு பொத்தான். மூடியபின் அசல் பதிவுகள் மட்டும் எங்கள் கைக்கு வரட்டும், உங்கள் கணினியில் ஒன்றும் மிஞ்ச வேண்டாம்.

எங்கள் வீட்டில் போன ஆடி அமாவாசை அன்று மூடினோம். படையல் போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, இரண்டு மகன்களையும் பக்கத்தில் உட்காரவைத்து நானே அழித்தேன். அதற்கு முந்தின ராத்திரி ஒரே ஒருமுறை திறந்தேன். அவருடைய கடைசிக் குரல்பதிவு பஸ்ஸிலிருந்து வந்தது. 14 வினாடி. அது குழுவுக்கு வரவில்லை, எனக்கு மட்டும் அனுப்பியது. கண்டக்டர் விசில் கேட்கிறது, பின்னால் யாரோ சில்லறை கேட்கிறார்கள். "ஏளா, துக்கம் கேட்டுட்டுக் கெளம்பிட்டேன். அங்க ஒருத்தரப் பாத்தேன்... சரி, வந்து சொல்றேன்" என்கிறார். யாரைப் பார்த்தார், என்ன சொல்ல வந்தார் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்கத்தான் திறந்தேன். எழுத்தைத் தட்டிக்கூட முடித்துவிட்டேன். அனுப்பாமல் ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

அந்த 14 வினாடியை இளையவன் ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்திருக்கிறான். இரைச்சலை நீக்கித் தரட்டுமா என்று கேட்டான். விசிலும் சில்லறைச் சத்தமும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்